நாக்கில் ஒட்டாத சட்டி

மண்சட்டி எதைக் கண்டாலும் ஞானசேகரம் அதை எடுத்து நாக்கு நுனியால் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பார். சந்தையிலும் அப்படித்தான், சாப்பிடக் கூப்பிட்ட வீட்டிலும் அப்படித்தான். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

தயிர் விற்கும் றுக்கியா அதை முதலில் கண்டது தன் சமையல் குசினி வாசலில். மூதூர்ச் சந்தைக்குப் போகும் தயிருக்காக அடுக்கி வைத்திருந்த புதுச் சட்டிகளில் மேலே கிடந்ததை அவர் எடுத்தார், தட்டிப் பார்த்தார், பிறகு நாக்கை நீட்டினார்.

"என்ன சேர், தயிர் வேணுமெண்டாக் கேளுங்களன். வெறுஞ்சட்டிய நக்கினாப் பசி ஆறுமா?"

மனுசனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "பழக்கம் தங்கச்சி. ஏனெண்டு ஆறுதலாச் சொல்றன்."

நேரம் வரும்போது சொல்கிறேன் என்ற இந்த 'ஆறுதலாச் சொல்றன்' அவருடைய இரண்டாவது பழக்கம். என்ன கேட்டாலும் செய்து காட்டுவார். ஏன் என்று கேட்டால் மட்டும் ஆறுதல் வந்துவிடும். வருஷக்கணக்கில் வந்து போன மனிதரிடம் இந்த இரண்டும் மாறவில்லை.

அவருடைய தகப்பன் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அந்தக் குடும்பத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்த முதல் ஆள் ஞானசேகரம். படித்துவிட்டுக் கொழும்பில் நிற்காமல் ஊருக்கே திரும்பி, சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் தாங்கிகள் கட்டிக் கொடுக்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். கடல் கடக்கும் லாஞ்சிப் படகில் சைக்கிளை ஏற்றி மூதூரில் இறங்கி, வெருகல் பக்கமாக மிதித்துக்கொண்டே போவார். வழியில் தமிழ் ஊரும் வரும், முஸ்லிம் ஊரும் வரும். எல்லா இடத்திலும் மாடு இருந்தது. எல்லா இடத்திலும் விறகுக்குக் காட்டுக்குள் போகப் பெண்களுக்குப் பயமும் இருந்தது.

றுக்கியாவின் குடியிருப்பு மூதூருக்குத் தெற்கே கடைசி முஸ்லிம் குடியிருப்பு. பின்னால் இராணுவ முகாம், முன்னால் காடு. பக்கத்து வீட்டுச் சித்தி பரீதா விறகு பொறுக்கப் போய் மிதிவெடியில் ஒரு காலை விட்டுவிட்டு வந்த பிறகு, றுக்கியாவின் புருஷன் லாபிர் தானாகவே ஞானசேகரத்தைத் தேடிப் போனான். குசினிக்குப் பின்னால் நிலத்துக்குள் செங்கல்லும் சீமெந்துமாக ஒரு வட்டத் தாங்கி எழுந்தது. சாணியைக் கரைத்து ஊற்றினால் குழாய் வழியே காஸ் வரும். அடுப்பில் நீலச் சுவாலை எரிந்த அன்றைக்குக் குடியிருப்பே வந்து நின்று பார்த்தது.

தாங்கிக்குக் கிடங்கு வெட்டும்போதே, மண் இளகிக் கிடக்கிறது என்று பக்கத்திலேயே ஷெல்லடிக்குப் பதுங்கும் பங்கரையும் வெட்டிக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. ஞானசேகரத்துக்கும் தெரியவில்லை.

முகாமிலிருந்து பீரங்கி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் நிலம் அதிர்ந்தது. சீமெந்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், பூச்சு மெல்லிசு. தாங்கிகளில் மயிரிழைபோல வெடிப்பு விழுந்தது. வெளியே கசிந்த காஸ் மண்ணுக்குள்ளால் நடந்து, பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி மூடியிருந்த பங்கருக்குள் போய்த் தங்கியது. இலங்கைத்துறைப் பக்கம் தம்பிராசா என்பவரின் வீட்டில் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இறங்கி, குப்பி விளக்கைப் பற்றவைத்தார்கள். தம்பிராசாவின் இரண்டு கையும் வெந்து போயின. மனைவி கனகம்மா பிழைக்கவில்லை. ஷெல் விழுந்தது எங்கேயோ வயலில்.

அந்தத் தாங்கியைக் கட்டியவர் ஞானசேகரம்.

அதன் பிறகு சில காலம் அவரைக் காணவில்லை. வந்தபோது வீடு வீடாகப் போய் ஒரே வார்த்தையைச் சொன்னார்: "பங்கருக்குள்ள விளக்குக் கொளுத்த வேண்டாம்."

"சரி சேர்" என்றார்கள் எல்லோரும். ஒருவராலும் முடியவில்லை. மாரிக்குப் பங்கருக்குள் பாம்பு வரும். வெளிச்சம் காட்டாமல் எப்படிப் பிள்ளையை இறக்குவது? மணத்தால் கண்டுபிடிக்கலாம் என்றால், சாணிக்கிடங்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் மூக்குக்கு அழுகிய முட்டை மணமும் வீட்டு மணமும் ஒன்றாகிப் பல நாள்.

முதலில் அவர் கொழும்பிலிருந்த கூட்டாளி ஒருவரைப் பிடித்து, காஸ் பட்டால் சத்தம் போடும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். உள்ளே வெளிநாட்டுச் சென்ஸர், பற்றரி, வயர், ஒரு மணி. இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில நாள் கழித்து றுக்கியாவின் வீட்டுக்கு வந்தபோது உதடு வீங்கியிருந்தது, கருவி இல்லை.

"என்ன சேர் வாயில?"

"பல்லுக்குத்து."

அவர் குசினி வாசலில் குந்தியிருந்து சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பற்றரி இல்லாமல், வயர் இல்லாமல், ஆமிக்காரன் திறந்து பார்த்தாச் சிரிக்கிற சாமான் ஒண்டு வேணும்" என்றார், தனக்குத்தானே.

அடுத்த முறை வந்தபோது கொண்டுவந்தது ஒரு தயிர்ச் சட்டி. வாயைத் தகரத்தால் மூடி மெழுகு வைத்து அடைத்திருந்தது. தகரத்தில் ஒரு துளை. துளையிலிருந்து ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் நீளமாக ஓடி, ஒரு பலகையில் சரிவாக வளைந்து கிடந்தது. குழாய்க்குள் உடுப்புக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீர். சட்டியை ஒரு கம்பின் நுனியில் கட்டியிருந்தார்.

அடுப்புக் குழாயிலிருந்து ஒரு பொலித்தீன் பையில் காஸைப் பிடித்து, பைக்குள் சட்டியை இறக்கினார். எட்டக் கிடந்த பலகையில் நீலத் தண்ணீர் மெல்ல மெல்லச் சரிவில் ஏறியது.

"ஜின் இருக்கா சேர் உள்ளுக்கு?" என்றான் லாபிர்.

"ஜின்னெண்டாத் தயிர் கேட்டிருக்கும்" என்றாள் மகள் அசனா.

றுக்கியா சிரிக்கவில்லை. "தண்ணி ஏன் சேர் ஏறுது?"

"அது பெரிய கதை தங்கச்சி. ஆறுதலாச் சொல்றன்."

அவ்வளவு பெரிய கதையும் இல்லை. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காற்றும் காஸும் அவற்றின் வழியே போய் வரும். காஸ் மெல்லியது, காற்றைவிட விரைவாகப் புகும். உள்ளேயிருக்கும் காற்று வெளியேறுவதற்கு முன் காஸ் வந்து நெருக்க, அந்த நெருக்கம் தண்ணீரைத் தள்ளும். இதை அன்றைக்கே ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது விதிகளை மட்டும். வெயில் பட்டால் சட்டி பொய் சொல்லும், தாழ்வார நிழலிலேயே தொங்கட்டும். பங்கருக்குள் இறங்குமுன் கம்பால் சட்டியை உள்ளே நீட்டிக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும்.

"கொஞ்ச நேரமெண்டா?" லாபிர் கேட்டான். "எங்களிட்ட மணிக்கூடு இல்ல. சூறா பாத்திஹா ஓதி முடியும் மட்டும் பிடிச்சாப் போதுமா?"

"காணும். வெருகல் பக்கம் முருகன்ர திருப்புகழ் ஒண்டு பாடச் சொல்லியிருக்கிறன்."

தண்ணீர் அசையாவிட்டால் விளக்கைக் கொளுத்தலாம். ஏறினால் இறங்கவே கூடாது. சட்டி உடைந்தால் புதுச் சட்டிதான் வைக்க வேண்டும், பழையது கூடாது.

ஏன் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

சோதனைச் சாவடியில் சட்டியைத் திறந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். தயிருக்குக் குழாய் எதற்கு என்று கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு லாஞ்சி ஏறினார். ஒவ்வொரு வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு சட்டி தொங்கியது. கசிவு கண்ட பங்கர்களைச் சனம் தூர்த்துவிட்டு வேறிடத்தில் வெட்டியது. றுக்கியாவின் வீட்டில் தண்ணீர் ஒரு முறையும் அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு விளக்கைக் கொளுத்துவாள்.

ஒரு நாள் கன்றுக்குட்டி முட்டிச் சட்டி விழுந்து உடைந்தது. பாதை மூடிக் கிடந்ததால் புதுச் சட்டி ஏற்றிவரும் வண்டி வரவில்லை. தாழ்வாரம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க றுக்கியாவால் முடியவில்லை. தயிர் விற்று மீண்ட சட்டிகளில் கீறல் இல்லாத ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, தகரத்தை அப்படியே வைத்து, மெழுகை உருக்கி அடைத்தாள். அவர் போட்ட முடிச்சையே போட்டாள். கட்டி முடித்ததும் பார்க்க முந்தியதைவிடச் சுத்தமாக இருந்தது.

அந்தக் கிழமை, வாரம் முடியுமுன்னே ஞானசேகரம் வந்தார். பின்னேரம். சைக்கிளை வேலியில் சாத்தி, பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை, முதல் ஷெல் வயலுக்கு அப்பால் விழுந்தது. நிலம் உதறியது.

"உம்மா!" அசனா ஓடி வந்தாள். பழகிய கை, கேட்காமலே கம்பைத் தூக்கிப் பங்கர் வாசலுக்குள் நீட்டினாள். றுக்கியா கைப்பிள்ளையை இடுப்பில் ஏற்றி, நெருப்புப் பெட்டியைப் பற்றிக்கொண்டு, வாய்க்குள் பாத்திஹா ஓதினாள். ஞானசேகரம் பலகைப் பக்கம் குந்தினார். இரண்டாவது ஷெல் வயலுக்கு இப்பால் விழுந்தது. மாட்டுப் பட்டியிலிருந்து லாபிர் கத்திக்கொண்டு ஓடி வந்தான்: "இறங்குங்க, இறங்குங்க!"

"அசையல்ல உம்மா, தண்ணி அசையல்ல!"

அசனா கம்பை வெளியே இழுத்தாள். றுக்கியா முதல் படியில் கால் வைத்தாள். சட்டி ஞானசேகரத்தின் முகத்துக்கு நேரே வந்து ஆடியது. அடைப்புக்குக் கீழே கழுத்தோரமாக நெய் பட்டதுபோல ஒரு மினுக்கம். அவர் சட்டியைப் பிடித்தார், இழுத்தார், நாக்கை வைத்தார்.

புதுச் சட்டி என்றால் நாக்கைக் கவ்வும். ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இது பீங்கான் போல வழுக்கியது.

அவர் பாய்ந்து றுக்கியாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

இத்தனை வருஷத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவள் கையிலிருந்து நேரே வாங்காத மனிதர். லாபிர் அதிர்ந்து கத்தினான்.

"கைய விடுங்க சேர்!"

"தம்பி, நெருப்புப் பெட்டிய அவவிட்டயிருந்து எடும்! என்னைப் பிறகு அடியும்!" பிடியை விடாமல் அவளைப் பார்த்தார். "இந்தச் சட்டி ஆர் வைச்சது?"

"நான்தான். மற்றது உடைஞ்சு போச்சு."

"தயிர் உறைஞ்ச சட்டியோ?"

"ஓம். நல்லாக் கழுவினனே சேர், சாம்பல் போட்டு..."

"இது செத்த சட்டி தங்கச்சி. உள்ள காஸ் நிரம்பியிருந்தாலும் வாய் திறக்காது."

"இரிக்கா உள்ளுக்கு?" என்றான் லாபிர்.

"தெரியாது."

மூன்றாவது ஷெல் சித்தி பரீதாவின் தென்னைக்கு அருகே விழுந்து, மண் மழையாக வந்தது. கைப்பிள்ளை வீரிட்டது.

"தெரியாத ஒண்டுக்காகவா புள்ளையள வெளியில வெச்சிரிக்கச் சொல்றீங்க?" லாபிரின் குரல் கிழிந்தது. "விழுறது கண்ணுக்கு முன்னால விழுது சேர்! இருட்டிலயாவது இரிக்கிறம், விளக்கு வேணாம்!"

"காஸ் நிரம்பியிருந்தா இருட்டிலயும் மூச்சு முட்டும். பக்கத்தில ஒரு ஷெல் விழுந்து ஒரு பொறி உள்ள போனாலும் போதும்." ஞானசேகரம் றுக்கியாவின் மணிக்கட்டை இன்னும் இறுக்கினார். "தம்பிராசா வீட்டை நான் பார்த்தனான். பிறகு போய்ப் பார்த்தனான்."

லாபிர் மனைவியைப் பார்த்தான். முடிவு அவள் தலையில் வந்து நின்றது. முன்னால் பங்கர், அதற்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. பின்னால் ஷெல், அது எல்லோருக்கும் தெரியும். படியில் வைத்த காலை றுக்கியா எடுத்தாள்.

"வாய்க்காலுக்கு ஓடுங்க" என்றாள்.

வயலோர வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர் கிடந்தது. பிள்ளைகளைக் கரைச் சரிவில் அமர்த்தி, லாபிர் மேலே கவிழ்ந்து கிடந்தான். பழைய சட்டியைக் குழாயும் பலகையுமாகக் கம்போடு தூக்கிவந்திருந்த ஞானசேகரம் தோளில் கிடந்த பையை அவிழ்த்தார். சாரத்துணியில் சுற்றிய புதுச் சட்டி ஒன்று உள்ளே இருந்தது, அடுத்த ஊருக்குக் கொண்டு போனது. சேற்றில் மல்லாந்து கிடந்தபடியே பழைய சட்டியின் மெழுகைச் சுரண்டி, வாயில் போட்டு மென்று இளக்கினார்.

றுக்கியா அவருக்கு ஒரு கை தூரத்தில் கிடந்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அவளுக்கு மேலே வந்தது. கூடாது என்றார், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சட்டியை வைத்திருப்பாளா? அவள் என்ன மாடா, தட்டிய பக்கம் போக?

"ஏன் சேர் ஏலாது? தயிர் உறைஞ்ச சட்டி ஏன் ஏலாது?"

அவர் மெழுகைத் துப்பினார். "சட்டி மூச்சு விடோணும் தங்கச்சி. நெய் ஊறினா அந்த..."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெடித்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் காது கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது அவர் தகரத்தை அமுக்கி அடைத்துக்கொண்டிருந்தார்.

"முழுக்கச் சொல்றன். முதலே சொல்லியிருக்க வேண்டிய விசயம். இது உங்களுக்கு நான் தர வேண்டிய கடன்."

சொல்லிவிட்டுக் கரையில் ஏறினார். "சேர், நில்லுங்க!" என்று லாபிர் கத்தினான். குனிந்தபடி முற்றத்தைக் கடந்து, கம்பில் சட்டியைக் கட்டி, பங்கர் வாசலில் முழந்தாளிட்டு உள்ளே நீட்டினார். றுக்கியா கரைக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பாத்திஹாவின் முதல் வரிகூட முடியவில்லை. நீலத் தண்ணீர் சரிவில் பாய்ந்து ஏறி, குழாயின் முனையால் வழிந்து பலகையில் சிந்தியது. ஞானசேகரம் அதைத் துடைக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. ஷெல் இன்னும் விழுந்துகொண்டிருக்க, வெட்டவெளியில், அடிபட்ட மாட்டைப்போல அப்படியே குந்தியிருந்தார்.

றுக்கியா கைக்குள் பார்த்தாள். நெருப்புப் பெட்டி வாய்க்கால் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. அவள் அதை இன்னும் விடவில்லை.

ஷெல்லடி ஓய்ந்த பிறகு லாபிரும் அவரும் பங்கரின் பனங்குற்றிகளைப் புரட்டிக் காற்றோட விட்டார்கள். லாபிர் அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தான். கடைசியில், "கையப் பிடிச்சதுக்கு உங்களுக்கு அடியில்ல சேர். ரெண்டு சட்டித் தயிர் தாறன்" என்றான். அவர் தயிரை வாங்கவில்லை. கடைசி லாஞ்சியைப் பிடிக்க வேண்டும் என்றார். வேலியடியில் சைக்கிளை எடுத்தபோது றுக்கியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வாற கிழமை வாறன் தங்கச்சி. வந்து இருந்து சொல்றன். உங்களுக்கு மட்டுமில்லை, எல்லா வீட்டுக்கும் ஏனெண்டதைச் சொல்லோணும்."

"தேத்தண்ணி ஊத்தி வைப்பன் சேர்."

வந்த கிழமை லாஞ்சி ஓடவில்லை. அதற்கடுத்த கிழமை ஓடியது. அவர் அதில் வரவில்லை. மூதூர்ச் சந்தையில் லாபிருக்குச் சொன்னார்கள்: காலையில் வேலைக்குப் போகச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்ற மனிதரை வீட்டு வாசலில் யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்களாம். யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவருடைய மனைவி இராசமலர் ஏறாத வாசல் இல்லை. ஒரு தடவை லாஞ்சி ஏறி மூதூருக்கும் வந்து, அவர் போய் வந்த வீடுகளில் கேட்டாள். றுக்கியாவின் குசினி வாசலில் இருந்து, அடுக்கியிருந்த சட்டிகளைப் பார்த்து, "இங்கயும் நக்கினவரோ?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

வருஷங்கள் போயின. லாஞ்சி நின்று நின்று ஓடியது. றுக்கியாவின் தாழ்வாரத்தில் சட்டி தொங்கிக்கொண்டே இருந்தது. புதுச் சட்டி வந்தால் அவள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பாள். சட்டி வண்டிக்காரன் சிரிப்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள்.

அசனா மேல் வகுப்புக்குப் போய் விஞ்ஞானம் படித்தாள். ஒரு நாள் புத்தகத்தோடு துள்ளிக்கொண்டு வந்தாள்.

"உம்மா, தண்ணி ஏன் ஏறுதெண்டு எனக்கு விளங்கிட்டு! சொல்லட்டா?"

"சொல்லாத."

"ஏன் உம்மா?"

"அவர் எனக்குத் தாறனெண்டு சொன்ன கடன் அது. வேற ஆள் தந்தாத் தீராது."

அவள் திண்ணமாகச் சொன்னதைக் கேட்டு லாபிர் பட்டிப்பக்கமிருந்து வந்தான். மெதுவாகத்தான் சொன்னான்: "றுக்கியா, நல்ல மனுசன். கடனோட போக விடாத. நீ மன்னிச்சு ஹலாலாக்கிவிடு."

றுக்கியா தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள். சட்டியை மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மௌத்தாகி அடக்கமான ஆக்கள்ட கடனைத்தான் ஹலாலாக்கிறது" என்றாள். "அவர் மௌத்தெண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"